குஞ்சப்பனைச் சாவடி, அதிகாலை மூன்று நாற்பது

வண்டிக்கு முன்னால் நெடி வந்துவிடும்.
கொண்டை ஊசி திரும்பத் திரும்ப
விளக்கு தெரிந்தும் மறைந்தும்
காரமடைக் கோழி லாரி ஏறி வருகிறது.

ஹாலன் தடுப்புக் கம்பத்தை இறக்குகிறார்.
அளவு நாடா, டார்ச், ரசீதுப் புத்தகம்,
நேற்று வந்த சுற்றறிக்கை
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நான்.

கூடைமேல் கூடை அடுக்கக் கூடாது.
மழையும் குளிர்காற்றும் படாமல் மூட வேண்டும்,
மூடினாலும் வெளிச்சமும் காற்றும் போக வேண்டும்.
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர்.
சேவலும் பெட்டையும் ஒரே கூடையில் கூடாது.
(நாற்பது நாள் வயதில்
எது சேவல், எது பெட்டையென்று
அவற்றுக்கே இன்னும் தெரியாது.)

ஏழு அடுக்கு.
எண்ண வேண்டியதில்லை,
மேலே இருப்பதன் எச்சம்
கீழே இருப்பதன் முதுகில் கணக்கு எழுதியிருக்கிறது.
தார்ப்பாய்மேல், பனியில் நனைந்த சாக்கைப் போர்த்தி
எட்டாவது அடுக்காக ரஃபிகுல் தூங்குகிறான்.
அவனைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றுமில்லை.

நாடாவை நீட்டினேன்.
கம்பிக்குள்ளிருந்து ஒன்று
பதினெட்டாவது சென்டிமீட்டரைக் கொத்தியது.

டிரைவர் காரப்பன் இறங்கவேயில்லை.
"எழுதறதுன்னா வெரசா எழுதுங்க மேடம்.
ஓடற வரைக்கும் உசுரு இருக்கும்.
நின்னா அடியில இருக்கறது மூச்சு முட்டிப் போகும்,
ஓரத்துல இருக்கறது வெறைச்சுப் போகும்.
நீங்க நல்லது பண்றதுக்குள்ள பத்து காலி."

பொய் சொல்கிறார் என்று சொல்ல முடிந்தால்
எவ்வளவு நன்றாக இருக்கும்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று கேட்டவர்
பரந்த களத்துமேட்டில் நின்று கேட்டிருப்பார்.
கூடைக்குப் பதினான்கு ஏற்றிவிட்டுக் கேட்கவில்லை.
இங்கே கோழி மிதித்துக் கோழி சாகிறது,
தாய்க்காலையே பார்த்திராத கோழி.

பறிமுதல் செய்யலாம். சட்டத்தில் இடமுண்டு.
சாவடியில் இல்லை:
பத்துக்குப் பத்து அறை, ஒரு நாற்காலி,
ஹாலனின் கரி அடுப்பு.
போன வருஷம் பிடித்த எண்பத்தாறுக்கு
கோத்தகிரி கோர்ட்டில் இன்னும் வாய்தா ஓடுகிறது.
கோழிகள் வாய்தாவுக்கு நிற்கவில்லை.
குழிக்குச் சுண்ணாம்பு போட்டது நான்தான்.
பேரேட்டில் மட்டும்
வழக்குச் சொத்தாக இன்றும் மேய்கின்றன.

படிவத்தில் ஒரு கட்டம்:
மனிதாபிமானத்தோடு கொண்டுசெல்லப்பட்டதா, ஆம், இல்லை.
அத்தனை நீளமான சொல்லில்
கோழி உட்கார ஓர் எழுத்தில்லை.
(ஞாயிற்றுக்கிழமை நானும் அரைக்கிலோ வாங்குவேன்.
அதற்குக் கட்டம் இல்லாதது நல்லதாயிற்று.)

ஹாலன் தேநீர்க் கெண்டியைக் கழுவி
வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தார்.
உள்ளங்கையில் ஊற்றிக் கம்பியோரம் பிடித்தேன்.
கொத்தியதே, அதுதான் முதலில் வந்தது.
அலகை நனைத்தது.
பிறகு தலையைத் தூக்கியது,

தூக்க முடியவில்லை.

மறந்தே போயிருந்தேன், படித்த படிப்பையும் மீறி:
கோழியால் நம்மைப்போல் உறிஞ்ச முடியாது.
வாயில் அள்ளி, அண்ணாந்து,
தொண்டைக்குள் சரியவிட வேண்டும்.
அண்ணாந்தால் மேல்கூடை இடித்தது.
நீர் அலகோரமாய் வழிந்து என் கைக்கே திரும்பியது.
மறுபடி அள்ளியது. மறுபடி இடித்தது.

விதியில் தண்ணீர் இருக்கிறது.
விழுங்கும் உயரம் எங்கே இருக்கிறது?

அபராதம் எழுதினேன். கையெழுத்து வாங்கினேன்.
தார்ப்பாயை ஒரு பக்கம் நெகிழ்த்தச் சொன்னேன்,
ரஃபிகுல் பாதித் தூக்கத்தில் முடிச்சை அவிழ்த்தான்.
குறிப்பு என்றிருந்த இடத்தில்
மை உறைந்த பேனாவை ஊதி ஊதி எழுதினேன்:
ஒரு மடக்குக்கு இன்னும் நாலு விரல் உயரம் தேவை.

கம்பம் மேலே போனது.
அடுத்த வளைவு வரைக்கும்
கை ஈரமாகவே இருந்தது, லாரி தெரிந்தது,
பிறகு நெடி மட்டும்.